எடை குறைந்த லேப்டாப்பா, பாகம் மாற்றக்கூடிய லேப்டாப்பா? முதல் தடவை வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எஸ்.பி.எம். முடித்துப் படிவம் ஆறு, மெட்ரிகுலேஷன், போலிடெக்னிக், பல்கலைக்கழகம் என்று பிள்ளைகள் எந்தப் பக்கம் போனாலும் லேப்டாப் இல்லாமல் காலம் தள்ள முடியாது. சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் இருக்கும் குடும்பங்களுக்கு அது சின்னச் செலவும் அல்ல. ஒருமுறை வாங்கினால் நான்கைந்து வருடம் உழைக்க வேண்டும். பழுதானால் பெரும்பாலும் 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஈப்போவுக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

கடைக்குப் போனால் இரண்டு வகை கண்ணில் படும். ஒன்று மெல்லியது, ஒரே கையில் தூக்கலாம், பார்க்க அழகாக இருக்கும். இன்னொன்று கொஞ்சம் தடிமன், ஆனால் திறந்து ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் பாகம்) எல்லாம் மாற்றலாம். எது நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் முடிவெடுக்க ஒரு விதி உண்டு. பின்னால் மாற்ற முடியாத பாகத்தை வாங்கும் அன்றே போதுமான அளவுக்கு வாங்கிவிடுங்கள். மாற்ற முடிந்த பாகத்தில் மட்டும் சிக்கனம் பிடியுங்கள். இந்தக் கட்டுரையில் வருவதெல்லாம் இந்த விதியை எப்படிக் கடைப்பிடிப்பது என்பதுதான்.

எதை மாற்றலாம், எதை மாற்றவே முடியாது

லேப்டாப்பின் மூளையான பிராசசரை மாற்ற முடியாது. கிட்டத்தட்ட பத்து வருடமாக வரும் லேப்டாப்களில் அது மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையோடு சோல்டர் செய்யப்பட்டே வருகிறது. கிராபிக்ஸ் சிப்பும் அப்படித்தான். "இப்போதைக்கு இது போதும், கிராபிக்ஸ் கார்டைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்கள் நிறைய. மேசைக் கணினியில் அது முடியும், லேப்டாப்பில் முடியாது. ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், வீடியோ எடிட்டிங் போன்ற படிப்புக்குத் தனி கிராபிக்ஸ் வேண்டுமென்றால் அது இருக்கும் மாடலையே முதலில் வாங்க வேண்டும்.

ரேம் மாடலுக்கு மாடல் வேறுபடும். ஸ்லாட்டில் சொருகும் ரேம் என்றால் மாற்றலாம். போர்டிலேயே ஒட்டிய ரேம் என்றால் வாங்கிய அளவுதான் கடைசிவரை. மெல்லிய லேப்டாப்களில் பெரும்பாலும் இரண்டாவது வகை. ஸ்லாட் வைத்தால் உயரம் கூடும். எல்பிடிடிஆர் வகை ரேமைப் பிராசசருக்குப் பக்கத்திலேயே ஒட்டினால் மின்சாரமும் குறைவாகச் செலவாகும். மெல்லிய மாடல்களின் பேட்டரி நீண்ட நேரம் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எஸ்எஸ்டி பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில் எம்.2 என்ற மெல்லிய பட்டை வகை. ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினால் வந்துவிடும், எடை குறைந்த மாடல்களிலும் அப்படித்தான். ஆக, சேமிப்பிடத்தில் சிக்கனம் பிடிக்கலாம்: 256 ஜிபியில் வாங்கி ஒன்றிரண்டு வருடம் கழித்து 1 டிபி போடலாம். இதற்கு விலக்கு இரண்டு. மேக்புக் ஏரில் ரேமையும் கூட்ட முடியாது, சேமிப்பிடத்தையும் கூட்ட முடியாது. மிக மலிவான லேப்டாப்களில் வரும் இஎம்எம்சி சேமிப்பிடமும் போர்டோடு ஒட்டியது. வேகமும் குறைவு. 64 ஜிபி இஎம்எம்சி என்று எழுதியிருந்தால் விண்டோஸ் அப்டேட் இரண்டு மூன்று வந்ததுமே இடம் தீர்ந்துவிடும். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை வாங்க வேண்டாம்.

பேட்டரி, விசிறி, கீபோர்டு ஆகியவற்றை இரண்டு வகையிலும் மாற்றலாம். வேலை சுலபமா கஷ்டமா என்பதுதான் வித்தியாசம். பேட்டரி திருகாணியால் பிடிக்கப்பட்டிருந்தால் பத்து நிமிட வேலை. பசையால் ஒட்டியிருந்தால் அனுபவசாலியிடம்தான் கொடுக்க வேண்டும். ரேமைப் பற்றிக் கேட்பவர்கள் பேட்டரியைப் பற்றிக் கேட்பதில்லை. ஆனால் மூன்றாவது வருடத்தில் முதலில் கையை விரிப்பது பேட்டரிதான். 300 முதல் 500 முறை முழுதாக சார்ஜ் ஆனபின் பெரும்பாலான பேட்டரிகளின் கொள்ளளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

முதல் படி: தினமும் எங்கே தூக்கிக்கொண்டு போகிறீர்கள்

மெல்லிய 14 அங்குல லேப்டாப் 1 முதல் 1.4 கிலோ இருக்கும். கேமிங் வகை 15.6 அங்குலம் 2 கிலோவைத் தாண்டும், அதன் சார்ஜர் மட்டுமே அரைக் கிலோவுக்குப் பக்கம் வரும். மெல்லியதற்கு 65 வாட் யுஎஸ்பி-சி சார்ஜர் போதும், சட்டைப்பையில் அடங்கும், கைப்பேசிக்கும் அதுவே ஆகும்.

வீட்டில் மேசையில் வைத்தே படிப்பவருக்கும் விடுதி அறையிலேயே வேலை செய்பவருக்கும் எடை பெரிய விஷயம் அல்ல. தோட்டத்திலிருந்து கப்சாயில் பட்டணம் வந்து, அங்கிருந்து பஸ்ஸோ ரயிலோ பிடித்து ஈப்போவிலோ கம்பாரிலோ வகுப்புக்குப் போகும் மாணவருக்கு மூன்று கிலோ முதுகில் ஏறினால் இரண்டாவது வாரமே லேப்டாப் வீட்டில் தங்கிவிடும். எடுத்துப் போகாத லேப்டாப்பில் எத்தனை ஸ்லாட் இருந்து என்ன பயன்?

மோட்டாரில் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செம்மண் பாதையில் குலுங்கும்போது பையின் அடிப்பக்கம்தான் முதலில் அடிபடும். லேப்டாப் பகுதி பையின் அடியைத் தொடாமல் தொங்கும்படி தைத்த பைகள் கிடைக்கின்றன. மெல்லிய மூடி அழுத்தம் தாங்காது. அதே பையில் தண்ணீர் பாட்டிலும் ஹெல்மெட்டும் வைத்து அமுக்கினால் திரையில் கோடு விழும்.

இரண்டாம் படி: என்ன வேலைக்கு

கட்டுரை, ஸ்லைடு, கூகல் மீட், எக்செல், இணையம் என்றால் 8 ஜிபி ரேமில் இன்றைக்கு ஓடும். ஆனால் விண்டோஸ் 11 சும்மா இருக்கும்போதே 3, 4 ஜிபியை எடுத்துக்கொள்ளும். குரோமில் பத்து டேப், கூடவே மீட் என்றால் திணறத் தொடங்கும். தனி கிராபிக்ஸ் இல்லாத லேப்டாப்பில் திரைக்கான நினைவகமும் இதே ரேமிலிருந்துதான் போகிறது.

அதனால் எங்கள் பரிந்துரை இதுதான்: ரேம் போர்டோடு ஒட்டிய லேப்டாப் என்றால் 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள். அதற்குக் காசு போதவில்லை என்றால் ஸ்லாட் உள்ள மாடலில் 8 ஜிபி வாங்குங்கள். ஒட்டிய 8 ஜிபி, அதுவும் நான்கு வருடப் படிப்புக்கு, வேண்டவே வேண்டாம். கண்காட்சிகளிலும் சலுகை விளம்பரங்களிலும் அதிகம் தள்ளிவிடப்படுவது இந்த வகைதான் என்பதால் அழுத்திச் சொல்கிறோம்.

கணக்கியல், ஆசிரியர் பயிற்சி, மொழி, சட்டம் படிப்பவர்களுக்கு ஒட்டிய 16 ஜிபி உள்ள மெல்லிய லேப்டாப் தாராளம். பொறியியல், அனிமேஷன், கட்டடக்கலை படிப்பவர்கள் ஸ்லாட் உள்ளதையே எடுங்கள். மூன்றாம் வருடத்தில் 32 ஜிபி தேவைப்படலாம்.

ஸ்லாட் இருப்பதால் பின்னால் மலிவாகப் போட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கு எப்போதும் சரியாக வராது. ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. வாங்கும் அன்று கடையில் இரண்டு விலையையும் கேளுங்கள்: 16 ஜிபி போட்டே வரும் மாடலின் விலை என்ன, 8 ஜிபி மாடலோடு தனியாக ஒரு 8 ஜிபி ரேம் வாங்கினால் என்ன ஆகும். வித்தியாசம் சொற்பம் என்றால் போட்டே வருவதை எடுங்கள்.

மூன்றாம் படி: பெட்டியில் இருப்பதைப் படிப்பது

மாடல் பெயரை நம்பாதீர்கள். ஒரே பெயரில் ஒரு வருடம் இரண்டு ஸ்லாட் இருக்கும், அடுத்த வருடம் ஒன்றுதான் இருக்கும். அட்டைப்பெட்டியில் ரேம் வகை எழுதியிருக்கும். எல்பிடிடிஆர் என்று "எல்பி" சேர்ந்திருந்தால் அநேகமாகப் போர்டோடு ஒட்டியது. வெறும் டிடிஆர்4 அல்லது டிடிஆர்5 என்றிருந்தால் ஸ்லாட் இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் உறுதி இல்லை. "ஆன்போர்டு" என்ற சொல் இருந்தால் அந்த அளவு ஒட்டியது. 8 ஜிபி ஆன்போர்டு, கூட ஒரு காலி ஸ்லாட் என்று வரும் மாடல்கள் பல உண்டு. எடையும் சுமார், பின்னால் 16 ஜிபி துண்டு ஒன்று போட்டால் மொத்தம் 24 ஜிபி. பெரும்பாலான மாணவர்களுக்கு நாங்கள் முதலில் காட்டுவது இந்த நடுவகையைத்தான்.

பிராசசர் எண்ணே சில சமயம் விஷயத்தைச் சொல்லிவிடும். ரைசன் 5 7520யு என்பதும் ரைசன் 5 7530யு என்பதும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். 7520யு நான்கு கோர் உள்ள பழைய ஜென் 2 வடிவமைப்பு (ஜென் என்பது ரைசன் பிராசசர்களின் தலைமுறைப் பெயர்), எல்பிடிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும், அதனால் ரேம் ஒட்டியே வரும். 7530யு ஆறு கோர் உள்ள ஜென் 3. 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள், அதுதான் ஜென் தலைமுறை. இன்டெலில் 'கோர் அல்ட்ரா' எண் 'வி' எழுத்தில் முடிந்தால் (226வி, 258வி போல) ரேம் பிராசசர் பொதியின் உள்ளேயே இருக்கிறது. கடைசி இலக்கம் 6 என்றால் 16 ஜிபி, 8 என்றால் 32 ஜிபி. அதைக் கூட்டவே வழியில்லை. ஸ்னாப்டிராகன் (கைப்பேசி வகைப் பிராசசர்) போட்ட விண்டோஸ் லேப்டாப்கள் எடையிலும் பேட்டரியிலும் பிரமாதம். ஆனால் உங்கள் படிப்புக்கான மென்பொருளும் வீட்டுப் பிரிண்டரும் அதில் ஓடுமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பொறியியல் மாணவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

சரியான தகவலுக்கு மாடலின் முழு எண்ணை எடுத்துக்கொண்டு தயாரிப்பாளரின் தளத்துக்குப் போங்கள். லெனோவோவுக்கு பிஎஸ்ரெஃப் என்ற பக்கம் இருக்கிறது. எச்பிக்கும் டெல்லுக்கும் சர்வீஸ் கையேடு பிடிஎஃப்பாகக் கிடைக்கும். அடி மூடியை எப்படித் திறப்பது என்பது முதல் எந்தத் திருகாணி எங்கே என்பது வரை படத்தோடு இருக்கும்.

நான்காம் படி: கடையில்

ஈப்போவிலோ கோலாலம்பூர் லோ யாட்டிலோ "ரேம் போலே தம்பா?" (ரேம் கூட்டலாமா) என்று கேட்டால் "போலே, போலே" என்றுதான் பதில் வரும். அது போதாது. இப்படிக் கேளுங்கள்: ஸ்லாட் எத்தனை, அதில் காலி எத்தனை, ஒட்டியது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும், எம்.2 எத்தனை, மூடியைத் திறந்தால் வாரண்டி போகுமா.

காட்சிக்கு வைத்த லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தால் நீங்களே பார்க்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபாமன்ஸ் பகுதியில் மெமரியைத் தட்டுங்கள். வலது கீழே "ஸ்லாட்ஸ் யூஸ்ட்" என்ற வரியில் 1 ஆஃப் 2 என்றிருந்தால் ஒரு ஸ்லாட் காலி. அதற்குக் கீழே "ஃபார்ம் ஃபேக்டர்" என்ற வரியில் எஸ்ஓடிம் என்றிருந்தால் சொருகும் ரேம். "ரோ ஆஃப் சிப்ஸ்" என்றிருந்தால் ஒட்டியது. சில மாடல்கள் இதைத் தப்பாகக் காட்டும், அதனால் தயாரிப்பாளரின் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

திரையை ஒரு கையால் மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். கீல் இறுக்கமாகவும் அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் மெல்லியதாகவும் இருந்தால் இரண்டு வருடத்தில் மூலை பிளக்கும். சார்ஜ் துளையையும் பாருங்கள். யுஎஸ்பி-சி துளை பெரும்பாலும் மதர்போர்டிலேயே இருக்கும். வயரில் கால் தடுக்கி அது ஆடிப்போனால் செலவு அதிகம். பழைய உருண்டை முனைத் துளை பல மாடல்களில் தனி வயரோடு வரும், அதை மாற்றுவது மலிவு. யுஎஸ்பி-சி துளை இரண்டு இருந்தால் ஒன்று போனாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

ஐந்தாம் படி: பழையது வாங்குவதென்றால்

காசு குறைவாக இருப்பவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை, அலுவலகங்கள் விற்றுவிட்ட 14 அங்குல பிசினஸ் லேப்டாப். திங்க்பேட் டி480, எலைட்புக் 840 ஜி5, லாட்டிட்யூட் 7490 மூன்றும் 2018 காலத்தவை. மூன்றிலும் இரண்டு டிடிஆர்4 ஸ்லாட் உண்டு, எம்.2 எஸ்எஸ்டி போடலாம், பேட்டரி மாற்றலாம், எடை ஒன்றரைக் கிலோவை ஒட்டித்தான்.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். இந்த மாடல்களில் சில 7ஆம் தலைமுறை பிராசசரோடும் வந்திருக்கின்றன. ஐ5-8250யு, ஐ5-8350யு போல எண் 8இல் தொடங்குகிறதா என்று பார்த்தே காசைக் கொடுங்கள்.

பேட்டரியைச் சோதிக்க, கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு சாய்கோடு போட்டு பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து (powercfg /batteryreport) ஓட்டினால் ஓர் அறிக்கை உருவாகும். அதில் டிசைன் கெபாசிட்டியையும் ஃபுல் சார்ஜ் கெபாசிட்டியையும் ஒப்பிடுங்கள். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள். டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ அடி மூடி புடைத்திருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. அதை வாங்காதீர்கள்.

ஆறாம் படி: ரேமும் எஸ்எஸ்டியும் நீங்களே போடுவது

வாங்கும் துண்டு சரியாக இருக்க வேண்டும். டிடிஆர்4 துண்டு டிடிஆர்5 ஸ்லாட்டில் நுழையாது, வெட்டுக்குழி இருக்கும் இடம் வேறு. அமுக்கி நுழைத்தால் ஸ்லாட் உடையும். வேகம் வேறுபட்ட இரண்டு துண்டு போட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும், வேறு கெடுதல் இல்லை. 16 ஜிபி ஒரே துண்டைவிட 8 ஜிபி இரண்டு துண்டு வேகம், அதுவும் தனி கிராபிக்ஸ் இல்லாதவற்றில் நன்றாகவே தெரியும். எம்.2 எஸ்எஸ்டியில் நீளம் முக்கியம்: 2280 என்பது 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். சில மெல்லிய லேப்டாப்களில் 2242 அல்லது 2230தான் அடங்கும். என்விஎம்இ, சாட்டா என்று எம்.2விலேயே இரண்டு வகை இருப்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பை முழுதாக ஷட் டவுன் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். ஸ்லீப்பில் இருக்கும்போது திறக்கக் கூடாது. திங்க்பேட்டில் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) உள் பேட்டரியை நிறுத்தும் வசதி இருக்கிறது, மற்றவற்றில் மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். திருகாணிக்கு பிஎச்0 அல்லது பிஎச்00 முனை வேண்டும், சிலவற்றில் நட்சத்திர முனை டி5. முனை பொருந்தாமல் திருகினால் திருகாணித் தலை வழுக்கிவிடும், பிறகு கடைக்குத்தான். திருகாணிகள் நீளத்தில் வேறுபடும். ஒரு வெள்ளைத்தாளில் லேப்டாப்பின் படத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொன்றையும் அதே இடத்தில் செல்லோடேப்பால் ஒட்டி வையுங்கள். நீளமானதைக் குட்டையான துளையில் போட்டு முறுக்கினால் கீபோர்டுப் பக்கம் மேடு தட்டும். எல்லாவற்றையும் கழற்றியும் மூடி வரவில்லை என்றால் ரப்பர் காலுக்கு அடியில் ஒரு திருகாணி ஒளிந்திருக்கும். மூடியின் கொக்கிகளை இரும்பால் நெம்பாதீர்கள், பழைய பிளாஸ்டிக் அட்டை போதும்.

ரேமை 30 டிகிரி சாய்வில் நுழையுங்கள். தங்க நிறப் பட்டை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உள்ளே போனதும் கீழே அழுத்துங்கள், இரண்டு பக்கக் கவ்விகளும் 'டக்' என்று பிடிக்கும். பாதி நுழைந்ததுதான் "ரேம் போட்டேன், ஆன் ஆகவில்லை" என்பதற்கு முதல் காரணம். இரண்டாவது காரணம் பொறுமையின்மை. டிடிஆர்5 போட்டபின் முதல் தடவை திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம், லேப்டாப் புது ரேமைச் சோதித்துப் பழகிக்கொண்டிருக்கிறது. பதறி அணைக்காதீர்கள்.

எஸ்எஸ்டி மாற்றும் முன் பிட்லாக்கர் (எஸ்எஸ்டியைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது, அதே பதிப்பைப் புது எஸ்எஸ்டியில் ஏற்றினால் இணையம் கிடைத்ததும் தானே செயல்படும். இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து சில லேப்டாப்களில் விண்டோஸ் ஏற்றும்போது எஸ்எஸ்டியே பட்டியலில் தெரியாது. எஸ்எஸ்டி கெட்டது என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். தயாரிப்பாளர் தளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரைப் பென்டிரைவில் போட்டு ஏற்றினால் தெரியும்.

ஏழாம் படி: நம் ஊர் வெயிலுக்கும் இடிக்கும்

சாயங்கால இடிமழையில் சார்ஜர் போவதும், சில சமயம் போர்டே போவதும் நம் வட்டாரத்தில் புதிதல்ல. இடி இடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். இணைய மோடத்திலிருந்து லேப்டாப்புக்கு வயர் போட்டிருந்தால் அதையும் கழற்றுங்கள். பேட்டரி நன்றாக நிற்கும் மெல்லிய லேப்டாப்புக்கு இங்கே ஒரு லாபம்: இடி ஓயும்வரை பிளக் இல்லாமலே எழுதலாம்.

தூசியில் கதை தலைகீழ். திறக்க சுலபமான லேப்டாப்பில் வருடத்துக்கு ஒருமுறை விசிறியைத் தூரிகையால் சுத்தம் செய்துவிடலாம். ஊதும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். மேக்புக் ஏர் போன்றவற்றில் விசிறியே இல்லை, அந்த வேலையும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டே தட்டினால் எறும்பு உள்ளே குடியேறும், எந்த வகையாக இருந்தாலும். எறும்பு வந்துவிட்டால் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், அணைத்து, திறந்து, தூரிகையால் தட்டுங்கள். எப்போதும் பிளக்கிலேயே வைத்திருப்பவர்கள் தயாரிப்பாளரின் செயலியில் சார்ஜை 80 விழுக்காட்டோடு நிறுத்தி வைத்தால் பேட்டரி வீங்குவது தள்ளிப்போகும்.

ரசீது, வாரண்டி

ரசீதில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். வருமான வரி கட்டும் அப்பாவோ அம்மாவோ தம் பிள்ளைக்கு வாங்கினால், ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் வரையுள்ள காயா ஹிடுப் (வாழ்க்கைமுறை) வரி விலக்கில் கணினி வாங்கிய செலவும் சேரும். வாங்கும்போதே அவர் பெயரில் ரசீது கேளுங்கள். கடைக்காரர் சொன்ன "ஸ்லாட் இருக்கிறது, திறந்தால் வாரண்டி போகாது" என்ற பேச்சை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று ஆகிக் கடையும் கைவிட்டால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்கு போடலாம். வக்கீல் வேண்டாம். 50,000 ரிங்கிட் வரையுள்ள கோரிக்கையை அது விசாரிக்கும். அங்கே பேசப்போவது உங்கள் ரசீதும் அந்த வாட்ஸ்அப் செய்தியும்தான்.

ரேம், எஸ்எஸ்டி மாற்றினால் கழற்றிய பழைய துண்டுகளை வாரண்டி முடியும்வரை விற்காமல் வைத்திருங்கள். சர்வீஸ் சென்டருக்குக் கொடுக்கும் முன் பழையதைத் திரும்பப் போட்டுக் கொடுத்தால், நீங்கள் போட்ட ரேமால்தான் பழுது என்ற பேச்சுக்கு இடமிருக்காது. உங்கள் ஃபைல்கள் உள்ள எஸ்எஸ்டியும் வீட்டிலேயே பத்திரமாக இருக்கும்.